வலது பக்கத்து மகிழங்கன்றுகள்

பதினேழு வருடமாகச் செடி விற்கிறாள் நீலாவதி. இதுவரை ஒருவரிடமும் "கட்டாயம் பிழைக்கும்" என்று அவள் சொன்னதில்லை. "கன்னு நல்ல கன்னு. மீதி உங்க கையில இருக்குது" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அந்த முதல் பாதியைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் ஒரு மிடுக்கு ஏறிவிடும். அது அவளுக்கே தெரியாது.

கல்யாணமான புதிதில் முந்திரிப் பண்ணை ஒன்றில் தினக்கூலியாகச் சேர்ந்து, பதினோரு வருடம் ஒட்டுக் கட்டினாள். ஒரு நாளைக்கு இருநூறு கன்று. தாய்மரத்திலிருந்து எடுத்த குச்சியைக் கத்தியால் சீவி, நாற்றின் பிளவில் செருகி, நாடா சுற்றி முடிக்க அவளுக்கு ஒரு நிமிடம் போதும். அவள் கட்டிய கன்றுகளில் பிடிக்காமல் போவது நூற்றுக்குப் பத்துகூட இருக்காது. அந்தக் கையை நம்பித்தான் வேலையை விட்டுவிட்டு, ஜங்ஷன் ரோட்டில் பீங்கான் பொம்மை செய்யும் யூனிட் ஒன்றின் பின்சுவரை ஒட்டி ஐம்பது சென்ட் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நர்சரி போட்டாள். அந்த யூனிட்டில் சூளைக்குச் சரக்கு அடுக்குகிறவன்தான் அவள் புருஷன் கொளஞ்சியப்பன். காலையில் இருவரும் ஒரே வண்டியில் வருவார்கள். அவன் சுவருக்கு அந்தப் பக்கம், இவள் இந்தப் பக்கம்.

போன வருடத்துக்கு முந்தின ஆவணியில், பைபாஸ் ரோட்டில் அந்தக் கடை திறந்தது. பெயர் பெரிய பெரிய ஆங்கில எழுத்தில் இருந்தது. ஊர் அதைப் படிக்கச் சிரமப்படாமல் "பைபாஸ் கடை" என்று வைத்துக்கொண்டது. ஒரு கல்யாண மண்டபம் அளவுக்குக் கண்ணாடிக் கூரை. செடி, தொட்டி, உரமூட்டை, ஊஞ்சல், நீரூற்று எல்லாம் ஒரே இடத்தில். தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டே போய் வேண்டியதை எடுத்துப்போட்டு, வாசலில் ஐஸ்கிரீமும் சாப்பிட்டுவிட்டு வரலாம். மங்கலம்பேட்டையிலிருந்தும் சேத்தியாத்தோப்பிலிருந்தும் கார் வைத்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

நீலாவதியும் போய்ப் பார்த்தாள். போகக்கூடாது என்று வீம்பு பிடிக்கிற ஆள் இல்லை அவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல புடவை கட்டிக்கொண்டு, கொளஞ்சியப்பனையும் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே தரையில் ஒரு சருகு இல்லை. செடிகள் உயரவாரியாக, கம்பெனிச் சீட்டு கட்டிக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன.

"நம்மகிட்ட இந்தச் சுத்தம் இல்லீங்க" என்றாள் புருஷனிடம்.

"நம்மகிட்ட ஏசியும் இல்ல."

ஒரு மகிழஞ்செடி அவள் உயரத்துக்கு மேலே ஒரு முழம் நின்றது. பையைச் சாய்த்து அடியைப் பார்த்தாள். துளை வழியே வேர் வெளியே வந்து, போக இடமில்லாமல், பையைச் சுற்றிச் சுற்றி ஓடியிருந்தது. மண் இல்லை, வெறும் தேங்காய் நார்த்தூள். அவள் பையை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள்.

புரட்டாசியில் தலைமையாசிரியை அம்புஜவல்லி நர்சரிக்கு வந்தார். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண்கள் பள்ளியில் அவர் சேர்ந்து ஒன்பது வருடம். பள்ளிக்கு வேண்டிய செடியெல்லாம் நீலாவதியிடம்தான் வாங்குவார். அன்றைக்கு உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

"பழைய மாணவிங்க சேர்ந்து மரம் வைக்கப் பணம் குடுத்திருக்காங்க நீலாவதிம்மா. கேட்டுலேருந்து கிளாஸ் ரூம் வரைக்கும் ரெண்டு பக்கமும் மகிழமரம். பக்கத்துக்கு இருபத்துநாலு."

"நல்லது டீச்சர். எடுத்து வச்சிடறேன்."

"அதுல ஒரு சங்கடம். அவங்க பைபாஸ் கடையிலதான் வாங்கணும்ங்கறாங்க. பெரிய கன்னு, கேரண்டி கார்டு தர்றாங்களாம், நட்டும் குடுத்துடுவாங்களாம். நான்தான் பிடிவாதமா, ஒரு பக்கம் அங்க வாங்கிக்கங்க, ஒரு பக்கம் நீலாவதியம்மாகிட்டன்னு சொல்லியிருக்கேன்."

நீலாவதிக்கு முகம் சூடானது. இத்தனை வருடம் கழித்துத் தன்னைப் பரீட்சைக்கு உட்கார வைக்கிறார்கள் என்று பட்டது. வேண்டாம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. ஆனால் டீச்சர் தனக்காக யாரிடமோ மல்லுக்கட்டிவிட்டு வந்திருக்கிறார் என்பதும் புரிந்தது.

"எந்தப் பக்கம் எனக்கு?" என்று கேட்டாள்.

"இடது பக்கம்."

"சரிங்க டீச்சர். ஆனா குழி நான்தான் வெட்டுவேன். யாரையும் வெட்டச் சொல்லாதீங்க."

பள்ளி மைதானம் செம்மண். மேலே அரையடிக்கு மண்வெட்டி இறங்கும். அதற்குக் கீழே சுட்ட செங்கல் மாதிரி ஒரு அடுக்கு. கடப்பாரை போட்டால் நெருப்புப் பொறி பறக்கும். நீலாவதி மூன்று ஆட்களை வைத்து, தானும் ஒரு கடப்பாரையைப் பிடித்து, நாலு நாள் குழி வெட்டினாள். ஒவ்வொன்றும் இடுப்பளவு ஆழம். அந்த அடுக்கை உடைத்து, அடியில் ஈர மண் தெரிகிற வரைக்கும் அவள் விடவில்லை. வண்டல் மண்ணும் எருவும் கொட்டி நிரப்பினாள்.

பைபாஸ் கடை ஆட்கள் ஒரு மதியம் வந்து, இருபத்துநான்கு குழியையும் வெட்டி, கன்றையும் வைத்து, மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள்.

விழா அன்று பழைய மாணவிகள் பட்டுப்புடவையில் வந்திருந்தார்கள். வலது பக்கம் ஏழடி மகிழமரங்கள், பளபளவென்று இலை, சிலதில் பூகூட இருந்தது. இடது பக்கம் நீலாவதியின் கன்றுகள் முழங்கால் உயரத்துக்கு நின்றன. யாரோ ஒரு அம்மாள், "இந்தப் பக்கம் இன்னும் நடலையா, குச்சிதான் நட்டு வச்சிருக்கு?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். போட்டோ எல்லாம் வலது பக்கத்தில் நின்றே எடுத்தார்கள். நீலாவதி கடைசி வரிசையில் நின்று தேநீரை வாங்கிக் குடித்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினாள்.

"மனசு வுட்டுடாத" என்றான் கொளஞ்சியப்பன் வண்டியில்.

"நான் எதுக்கு வுடணும். மகிழம் மெதுவாத்தான் வளரும். பாக்கறவங்களுக்குத்தான் அவசரம்."

ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லாம் பச்சையாக இருந்தது. தை முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும், சனிக்கிழமை தோறும் கன்றுகளைப் பார்க்கப் போகிற நீலாவதியின் கண்ணில் வலது பக்கம் பட ஆரம்பித்தது. முதலில் நுனி இலை கருகியது. மாசியில் இலை பழுத்து உதிர்ந்தது. பங்குனியில் பாதி மரங்கள் வெறும் கொம்பாக நின்றன. இடது பக்கத்துக் கன்றுகள் பெரிதாக ஒன்றும் வளர்ந்துவிடவில்லை. ஒரு சாண் ஏறியிருந்தன, அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொன்றின் நுனியிலும் செம்பு நிறத்தில் தளிர் இருந்தது.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பானேன். "குச்சி" என்று சொன்ன அம்மாளைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் போல இருந்தது. டீச்சர் கடைக்குப் போன் செய்ததாகவும், கேரண்டி மூன்று மாதத்தோடு முடிந்துவிட்டது என்று கம்பெனியில் சொல்லிவிட்டதாகவும் பள்ளியில் வாட்ச்மேன் வேலை பார்க்கும் வீராயி சொன்னபோது, அந்தச் சந்தோஷம் இன்னும் கொஞ்சம் கூடியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், எரு வைப்பதற்காகப் பள்ளிக்குப் போனாள். வலது வரிசையில் ஒரு ஆள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சட்டையை மடித்துவிட்டு, வண்டியின் இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு வந்த கேன்களிலிருந்து ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குடம் அளந்து ஊற்றினார். பைபாஸ் கடையின் மேனேஜர் சுப்புராயன். கடையில் அவரை டை கட்டிய கோலத்தில் பார்த்திருக்கிறாள்.

"கம்பெனியில அனுப்பினாங்களா சார்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. கேரண்டி முடிஞ்சுபோச்சுன்னு கம்பெனி சொல்லிடுச்சு." கேனைக் கீழே வைத்தார். "டீச்சரம்மாகிட்ட, நல்லா வரும்னு சொன்னது நான். அது கார்டுல எழுதல. வாயால சொன்னேன்."

"எத்தினி நாளா ஊத்தறீங்க?"

"நாலு ஞாயிறு ஆச்சு. ஊத்த ஊத்தப் பட்டுக்கிட்டே போவுது. எனக்கு ஒண்ணும் புரியல. முப்பது வருஷம் டைல்ஸ் ஷோரூம்ல இருந்தவன் நான். டைல்ஸை வித்துட்டா அது சாவாதும்மா. இங்க கொண்டாந்து போட்டுட்டாங்க."

நீலாவதிக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஆள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அடக்கிக்கொண்டாள். ஒரு மரத்தின் அருகே குந்தி, கையால் மண்ணைக் கிளறினாள். அரையடியில் விரல் கட்டியில் முட்டியது. வேர்ப்பந்து பையில் இருந்த வடிவத்திலேயே, பம்பரக் கயிறு மாதிரி தன்னையே சுற்றிக்கொண்டு கிடந்தது. ஊற்றிய தண்ணீர் நார்த்தூளில் நிற்காமல் பக்கவாட்டில் ஓடியிருந்தது.

"கை வச்சுப் பாருங்க சார்" என்றாள். அவர் குந்திக் கைவைத்துப் பார்த்தார்.

"காஞ்சிருக்குது."

"இப்பத்தானே ஊத்தினீங்க. இந்த மரம் இன்னும் பைக்குள்ளதான் இருக்குது. பை மட்டும் இல்ல, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு எழுந்து, தன் பக்கம் போய் எரு வைக்க ஆரம்பித்தாள். பத்துக் கன்று முடிக்கும் வரை திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் கேன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசி கேனையும் ஊற்றிவிட்டு அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது, நீலாவதியால் சும்மா இருக்க முடியவில்லை. கன்று யார் கடையில் வாங்கியதாக இருந்தால் என்ன, அவள் கண் முன்னால் மரம் சாவதைப் பார்த்துக்கொண்டு எரு வைத்தது அவளுக்கே பிடிக்கவில்லை.

"சார், நில்லுங்க" என்றாள். "நான் சொல்றதைக் கேப்பீங்களா?"

"கேக்கத்தானே வந்தேன். கேக்கற வாய்தான் வரல."

"முதல்ல தலையைப் பாதியா வெட்டணும்."

அவர் மரங்களைப் பார்த்தார். ஏழடி மரம் என்று பேர் சொல்லி விற்ற மரங்கள். "வெட்டுங்க" என்றார்.

அன்றைக்கே வெட்டினாள். இலையைத் தாங்க வேரில் பலமில்லாதபோது தலை எதற்கு. சாயங்காலம் கொளஞ்சியப்பன் ஒரு வண்டி முந்திரிச் சருகு கொண்டுவந்து கொட்டினான். ஒவ்வொரு தூரிலும் கனமாகப் பரப்பி, மேற்கு வெயில் படாமல் தென்னங்கீற்று நட்டார்கள். ஞாயிறுதோறும் ஒரு குடத்தை மொத்தமாக ஊற்றுவதற்குப் பதிலாக, வாரம் இரண்டு தடவை, அடியில் துளையிட்ட பழைய பானையை மண்ணில் பதித்துச் சொட்டுச் சொட்டாக இறங்கவிட்டார்கள். பானைகள் நீலாவதி கொடுத்தாள். தண்ணீர் சுப்புராயன் கொண்டுவந்தார். இதைப் பற்றி டீச்சரிடம் பேச வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். ஆனால் கத்திரி வெயிலில் தினமும் அந்தப் பக்கம் நடக்கிற டீச்சருக்கு இது தெரியாமல் போக, அவர் கண்ணை மூடிக்கொண்டு நடக்க வேண்டும்.

ஆவணியில் இரண்டு நல்ல மழை விழுந்தது. அதுதான் சமயம் என்று, வலது பக்கத்து மரங்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்தார்கள். சுற்றின வேரை நீலாவதி தன் ஒட்டுக்கத்தியால் நாலு பக்கமும் கீறி விரித்துவிட்டாள். குழியைக் கடப்பாரையால் உடைத்து இடுப்பளவுக்கு இறக்கினார்கள். சுப்புராயனும் கடப்பாரை பிடித்தார். உள்ளங்கையில் கொப்புளம் போட்டதும் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மறுபடி பிடித்தார்.

ஏழு மரங்கள் போய்விட்டன. அந்த ஏழு குழியிலும் நீலாவதி தன் கன்றுகளை வைத்தாள். மீதிப் பதினேழும் பிழைத்தன. ஐப்பசி மழைக்குப் பிறகு, தலை வெட்டிய மரங்களெல்லாம் நாலு கிளை, ஐந்து கிளையாகத் துளிர்த்தன.

மார்கழியில் பள்ளி ஆண்டு விழா. அம்புஜவல்லி டீச்சர் மேடையில் பேசும்போது, "நம்ம பள்ளிக்கூடத்துல நாப்பத்தெட்டு மகிழமரம் நிக்குது. அதுல ஒவ்வொண்ணையும் மண்டிபோட்டுத் தொட்டுப் பார்த்தவங்க ஒருத்தங்க இங்க உட்கார்ந்திருக்காங்க. எழுந்து நில்லுங்க நீலாவதிம்மா" என்றார். இந்தத் தடவை அவள் கடைசி வரிசையில் இல்லை. எழுந்து நின்றாள். கும்பிட வேண்டுமா, கையசைக்க வேண்டுமா என்று தெரியவில்லை. சும்மா நிமிர்ந்து நின்றாள். அதுவே போதுமானதாக இருந்தது. முழுப்பள்ளியும் கைதட்டியது. பக்கத்தில் கொளஞ்சியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு, கண்ணில் தூசி விழுந்த மாதிரி துடைத்துக்கொண்டான்.

தை பிறந்ததும் சென்னையிலிருந்து ஒரு கார் நர்சரி வாசலில் வந்து நின்றது. பைபாஸ் கடைக் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி பாண்டியன். கூடவே சுப்புராயன். பாண்டியன் மரியாதையான மனுஷர். ஒவ்வொரு பாத்தியாக நடந்து பார்த்தார். ஒட்டு முந்திரி, கொய்யா, மகிழம், சீத்தா எல்லாவற்றையும் தொட்டுக் கேட்டார்.

"இந்த மண்ணுக்கு உங்க கன்னுதாம்மா சரிப்படுது. சுப்புராயன் எழுதி அனுப்பியிருந்தார். வருஷத்துக்கு நாலாயிரம் கன்னு நாங்களே எடுத்துக்கறோம். விலையும் உங்க விலைதான்."

நீலாவதி மனசுக்குள் கணக்குப் போட்டாள். நாலாயிரம் கன்று என்றால் இன்னும் ஐம்பது சென்ட் பிடிக்கலாம், மேலும் நாலு பெண்களுக்கு வேலை கொடுக்கலாம்.

"சீட்டுல என்னா எழுதுவீங்க?" என்று கேட்டாள்.

"எங்க கம்பெனி பேர். எல்லாச் செடிக்கும் அதான்."

"என் பேரு?"

"அது முடியாதும்மா. இருபது ஊர்ல கடை இருக்குது. எல்லாத்துக்கும் ஒரே பேருதான். அது ரூல்."

அவள் கீழே கிடந்த ஒரு காலிப் பையை எடுத்து உதறி மடித்தாள். "பள்ளிக்கூடத்துல புள்ளையச் சேக்கறப்ப அப்பா பேரு, அம்மா பேரு கேக்கறாங்க இல்ல சார்? வேற யாரு பேரையாவது எழுதிச் சேருங்கன்னா சேப்பீங்களா?"

பாண்டியன் சிரித்தார். "நீங்க சொல்றது நியாயந்தான். ஆனா என் கையில இல்ல."

"இது என் கையில இருக்குது சார். காலையிலேருந்து சாயந்திரம் வரைக்கும் என் கைதான். அதனால பேரோட போனா போவுது, இல்லன்னா இங்கியே நிக்குது. கோச்சுக்காதீங்க. டீ சாப்பிட்டுட்டுப் போங்க."

டீ சாப்பிட்டார்கள். கார் போனது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்த கொளஞ்சியப்பனிடம், "நாலாயிரம் கன்னுங்க. வேணாம்னுட்டேன். தப்புப் பண்ணிட்டனா?" என்று கேட்டாள்.

அவன் கையெல்லாம் பீங்கான் மாவு வெள்ளையாக ஒட்டியிருந்தது. "நாங்க செய்யற பொம்மை லாரி லாரியாப் போவுது. எவன் செஞ்சான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. நீயாச்சும் பேரோட இரு" என்றான்.

கம்பெனியிலிருந்து பிறகு யாரும் வரவில்லை. ஆனால் மாசி பிறந்ததிலிருந்து ஒரு விஷயம் நடந்தது. பைபாஸ் கடையில் வாங்கிய தொட்டியும் பூவாளியும் டிக்கியில் தெரிய, கார்கள் ஜங்ஷன் ரோட்டுக்கு வந்தன. "தொட்டி இங்க வாங்கிக்கங்க, மரக்கன்னு நீலாவதியம்மாகிட்ட வாங்கிக்கங்கன்னு மேனேஜர் சொன்னார்" என்றார்கள். சுப்புராயனிடம் இதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த ஆடிக்குள் பாத்திகளெல்லாம் காலியாகி, பக்கத்து முப்பது சென்ட்டையும் அவள் குத்தகைக்குப் பேசி முடித்தாள். வீராயியின் மருமகளும் இன்னும் இரண்டு பெண்களும் வேலைக்கு வந்தார்கள்.

போன மாதம் ஒரு நாள், கிளை வெட்ட நல்ல கத்திரி ஒன்று வாங்க அவள் பைபாஸ் கடைக்குப் போனாள். அந்தச் சரக்கு அங்கேதான் நன்றாக இருக்கிறது. அதை ஒத்துக்கொள்வதில் அவளுக்கு வெட்கமில்லை. செடி வரிசையில், சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த ஒரு இளம் தம்பதி நாலைந்து எலுமிச்சைச் செடிகளை முன்னால் வைத்துக்கொண்டு விழித்தார்கள். சுப்புராயன் பில் போடும் இடத்திலிருந்தே, "அந்த அம்மாவைக் கேளுங்க. இந்த ஊர்ல அவங்களுக்கு மேல செடி தெரிஞ்சவங்க கிடையாது. நீலாவதியம்மா" என்றார், கடை முழுக்கக் கேட்கும்படி.

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நீலாவதி முந்தானையைச் சரிசெய்துகொண்டு வந்தாள். முதல் செடியைச் சாய்த்து அடியைப் பார்த்தாள், வேண்டாமென்று ஒதுக்கினாள். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் வேர் வெள்ளையாக, இன்னும் சுற்ற ஆரம்பிக்காமல் இருந்தது. ஒட்டுக் கட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். யாரோ முகம் தெரியாத ஒருத்தி, எங்கேயோ, நன்றாகவே கட்டியிருந்தாள்.

"இது நல்ல கன்னு" என்றாள் அந்தப் பெண்ணிடம். "இதை எடுத்துக்க. உங்க பக்கம் வயல் மண்ணா? அப்ப குழியில தண்ணி நிக்காம மேடு கட்டி வை."